கம்பம் தாண்டி இடப்பக்கம்

ஒரு பொருளை அதற்கு உரியவரிடமே கொண்டுபோய் நீட்டினேன். அவர் வாங்க மறுத்துவிட்டார். இப்போது அது யாருடையது?

கோலாலம்பூரிலிருந்து கோவை திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. பொருள் ஒன்றும் பெரிதில்லை. உள்ளங்கை அளவில் ஒரு வெண்கல நிற மெடல். துணி அலமாரியில் மகளின் ஸ்வெட்டருக்கு அடியில் கிடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் எடுத்துக் காட்டுவதா, மறைப்பதா என்று தெரியாமல் அங்கே வைத்திருக்கிறேன்.

என் கணவர் பிரவீன் அலுவலக வேலையாக ஒரு வாரம் அங்கே போக வேண்டியிருந்தது. நானும் இரண்டரை வயது மித்ராவும் தொற்றிக்கொண்டோம். எனக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. பந்திங் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு சைக்ளோகிராஸ் போட்டி. புல், மணல், சேறு, படிக்கட்டு எல்லாம் கலந்த ஒரு சிறிய வட்டப்பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். ஓட்ட முடியாத இடத்தில் இறங்கி சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். கோவையில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் ஞாயிறு காலையில் வற்றிய குளத்துக்குள் இதைத்தான் செய்கிறோம். சைக்கிள் ரிப்பேர் போலிருக்கிறது என்று வழியில் போகிறவர்கள் உதவிக்கு இறங்கி வருவார்கள்.

சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் போய்ச் சேற்றில் புரள வேண்டுமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானேதான் தினமும் நான்கு முறை கேட்டுக்கொண்டேன். காய்ச்சல் மருந்து, வாந்தி மருந்து, கொசுவுக்கு மூன்று விதக் களிம்பு என்று ஒரு பை நிறைய எடுத்துப் போனேன். என் சைக்கிள் ஹெல்மெட்டை மறந்துவிட்டுப் போனேன்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இறங்கிய காலையில், பூமாலைக் கடைகளையும் ஜவுளிக் கடைகளையும் பார்த்து, வெளிநாடு வந்திருக்கிறோமா என்றே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. ஒரு சாப்பாட்டுக் கடையில் நுழைந்தோம். கல்லாவில் இருந்த அம்மா என் மடியில் இருந்த மித்ராவைப் பார்த்தபடி, “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டார். பிள்ளையைப் பட்டினி போட்டவள் மாதிரி தெரிகிறேனோ என்று பதறி, விமானத்தில் பிஸ்கட் கொடுத்தது, பால் கொடுத்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

“அட, காலைச் சாப்பாடு ஆச்சான்னு கேட்டேன் மா” என்றார். “இங்கயே சாப்பிடறீங்களா, புங்குஸா?”

“பொங்கல் வேண்டாங்க, இட்லி போதும்.”

அவர் உள்ளே திரும்பி, “ஊர்லேர்ந்து வந்திருக்காங்க, மெதுவாப் பேசு லா!” என்று குரல் கொடுத்தார். பேச்சுக்குப் பேச்சு ‘லா’ ஒட்டுவது அங்கே வழக்கம். புங்குஸ் என்றால் பொட்டலம் கட்டித் தருவது. நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். புதுச் சொல் கேட்டால் குறித்துக்கொள்வது பழக்கம். பசியாறுவதையும் புங்குஸையும் போனில் எழுதிவைத்தேன். இரண்டு சொல்தானே, மற்றதெல்லாம் நம் தமிழ்தான் என்று தைரியமாக இருந்தது.

மறுநாள் கிள்ளானுக்கு ரயில். சைக்கிளைக் கடன் தருவதாகச் சொன்ன கோமதி அக்கா அங்கே இருக்கிறார். எங்களைப் போன்ற பெண்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு வருடமாகப் பழக்கம். நேரில் பார்த்ததில்லை. வண்டி வந்து நின்றதும் ஏறினோம். நான்கு நிலையம் தாண்டிய பிறகு ஒரு மலாய்ப் பாட்டியம்மா பிரவீனின் முழங்கையைத் தட்டி, சுவரைக் காட்டினார். பெட்டி முழுக்க இளஞ்சிவப்பு நிறம். பெண்கள் பெட்டி. பிரவீன் அடுத்த நிலையத்தில் இறங்கி அடுத்த பெட்டிக்கு ஓடினார். கதவு மூடியது. அவர் ஏறினாரா, நடைமேடையில் நிற்கிறாரா என்று தெரியவில்லை. போனைத் தேடினால், அது அவர் சட்டைப்பையில் இருக்கிறது. மித்ரா “அப்பா இல்ல” என்று பெட்டி முழுவதற்கும் அறிவித்தாள். அந்தப் பாட்டியம்மா அவளுக்கு ஒரு ரம்புத்தான் பழம் உரித்துக் கொடுத்தார். கொட்டை தொண்டையில் சிக்கிவிடுமோ என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் நிலையங்களை எண்ண மறந்தேன். கடைசியில் கிள்ளானில் பிரவீன்தான் வெளியிலிருந்து கண்ணாடியைத் தட்டி எங்களை இறக்கினார்.

கோமதி அக்கா மேரு பக்கம் குடியிருக்கிறார். ஒரு லோரி கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். வயது நாற்பத்தி இரண்டு. நடை வேகம், பேச்சு அதைவிட வேகம். அவர் கணவர் சேகர் அண்ணன் வேன் ஓட்டி வந்திருந்தார். போட்டிகளில் பாதையோரம் நின்று வழி காட்டும் தொண்டர் அவர்.

“தங்கச்சி, ஒண்ணு சொல்றேன்” என்றார் வேனில் ஏறியதுமே. “இவ நாலு வருஷமா இந்தப் போட்டியில நாலாவது. நாலு வருஷம், நாலாவது எடம். நான் மட்டும் நாலு நம்பர் லாட்டரி வாங்கியிருந்தேன், இந்நேரம் பங்களா கட்டியிருப்பேன்.”

“வாங்கலேன்னுதானே வாடகை வீட்டுல இருக்கோம்” என்றார் அக்கா. “இந்த வருஷம் பாருங்க. மூணாவது வராம வீட்டுக்கு வர மாட்டேன்.”

“அப்ப சாவி நான் எடுத்துக்கறேன்.”

அக்கா தன் பழைய சைக்கிளைத் துடைத்து, என் உயரத்துக்கு இருக்கையை இறக்கி, தன் மகளின் ஹெல்மெட்டையும் கொடுத்தார். நெத்திலி சம்பலோடு நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு வந்தது. மித்ரா சோற்றைத் தொடவில்லை. ஐஸ் போட்ட மைலோவை ஒரே மூச்சில் குடித்தாள். சளி பிடிக்கப் போகிறது என்று நான் ஹோட்டலுக்குத் திரும்பும் வரை அவள் நெற்றியைத் தொட்டுக்கொண்டே வந்தேன்.

ஞாயிறு காலை செம்பனைத் தோட்டம். நம் ஊரில் நாம் எண்ணெய்ப்பனை என்போம். மரத்துக்கு மரம் ரிப்பன் கட்டிப் பாதை பிரித்திருந்தார்கள். பெண்கள் ஏழு பேர். ஒரு மைதானம், படிக்கட்டு, மணல், பிறகு தோட்டத்துச் சாலை, அதிலிருந்து திரும்பினால் ஒரு வாய்க்காலுக்கு மேல் பலகைப் பாலம், மறுபடி மைதானம். மொத்தம் ஐந்து சுற்று. முதல் சுற்றிலேயே படிக்கட்டில் வழுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். மைதானத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஓரத்தில் இருந்த தகரக் கொட்டகையைப் பார்த்தேன். பிரவீன் மித்ராவை இடுப்பில் வைத்துக்கொண்டு கையாட்டினார். அவள் தொப்பி போடவில்லை. அந்தக் கவலையோடு ஒரு சுற்று.

நான்காவது சுற்று முடியும்போது வானம் இருட்டி, மழை கொட்டியது. இடி. விசில் அடித்து எல்லோரையும் கொட்டகைக்குள் வரச் சொன்னார்கள். அப்போது நான் ஐந்தாவது. கோமதி அக்கா மூன்றாவது. எனக்கு முன்னால் மஞ்சள் சட்டை போட்ட ஒரு சீனப் பெண். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் என் காதருகே குனிந்து, “மூணாவது லா!” என்றார். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம்.

மித்ரா இடிக்குப் பயந்து வீறிட்டு அழுதாள். அவள் உடையும் நனைந்திருந்தது. நான் தகரக் கூரையின் ஓரத்தில் மண்டியிட்டு அவளுக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தபோது, போட்டி நடத்தும் மலாய்க்காரர் மைக்கில் ஏதோ நீளமாகச் சொன்னார். கூரைமேல் விழும் மழையில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது. சேகர் அண்ணன்தான் தேடி வந்தார்.

“தங்கச்சி, கவனமாக் கேளுங்க. ஒரே ஒரு சுத்துதான் பாக்கி. நீங்க வந்து சேர்ந்த வரிசையில, அதே இடைவெளி விட்டு, ஒவ்வொருத்தரா அனுப்புவாங்க. பாலம் தண்ணியில முங்கிப் போச்சு, அந்தப் பக்கம் திரும்பாதீங்க. நான் பாலத்துகிட்டதான் நிப்பேன். நேராப் போங்க. கம்பத்தைத் தாண்டி லெப்ட். வெளங்குச்சா?”

“வெளங்குச்சுங்கண்ணா.”

மித்ராவின் கை என் கழுத்தைவிட்டு வரவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் அவளைப் பிரவீனிடம் கொடுத்தேன்.

மழை நிற்காமலே கிளம்பினோம். எனக்கு முன்னால் போன மஞ்சள் சட்டை சிறிது நேரத்தில் மறைந்துவிட்டது. பாலத்துத் திருப்பத்தில் சேகர் அண்ணன் குடையோடு நின்று, “நேரா, நேரா!” என்று கத்தினார். அடுத்த வளைவு தாண்டியதும் சாலையோரத்தில் ஒரு மின்கம்பம். அதை ஒட்டி இடப்பக்கம் ஓர் ஒற்றையடிப் பாதை. தாண்டினேன், திரும்பினேன். சொன்னது சொன்னபடி இருந்தது.

அந்தப் பாதை வாய்க்காலை ஒரு சிமெண்ட் குழாய்மேல் கடந்தது. சேறு வழவழவென்று இருந்தது. டயர்த் தடம் ஒன்றுகூட இல்லை. எனக்கு முன்னால் நான்கு பேர் போயிருக்க வேண்டும். தடம் இல்லையே என்று பார்த்தேன். மழை அழித்திருக்கும் என்று நினைத்தேன். கால் நிற்கவில்லை.

மைதானத்துக்குள் வந்து கோட்டைத் தாண்டினேன். கோட்டருகே வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து மூன்று விரல் காட்டினார். நான் ஐந்து விரல் காட்டினேன். அவர் சிரித்து மறுபடி மூன்று காட்டினார். யாரையும் நான் முந்தவில்லை. எப்படி மூன்று? அக்காவும் மஞ்சள் சட்டையும் எங்காவது வழுக்கி விழுந்து, மழையில் நான் பார்க்காமல் வந்துவிட்டேனா? விழுந்து கிடந்தவர்களைப் பார்க்காமலா வந்தேன்?

சிறிது நேரம் கழித்து, கோமதி அக்கா வந்தார். கோட்டைத் தாண்டி, சைக்கிளை நிறுத்தி, என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கை தட்டினார்.

“மறுபடியும் நாலா!” என்று குடையோடு ஓடி வந்தார் சேகர் அண்ணன். “கோமதி, உனக்கு அந்த நம்பர் மேல அப்படி என்ன லா காதல்?”

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினார். என் கழுத்தில் மெடல் விழுந்தது. மித்ரா அதை வாயில் வைத்தாள். பிரவீன் எடுத்த படத்தில் நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். மகிழ்ச்சி என்று குழுவில் எல்லோரும் எழுதினார்கள்.

திங்கட்கிழமை பிரவீன் வேலைக்குப் போய்விட்டார். நான் மித்ராவை ஏரிப் பூங்காவுக்கு அழைத்துப் போகக் கார் பிடித்தேன். ஓட்டியவர் ஐம்பது வயதுத் தமிழர். நான் கோவை என்றதும் உற்சாகமாகிவிட்டார்.

“நான் கம்பத்துல பொறந்தவன் மா” என்றார்.

“அப்படிங்களா அங்கிள்! தேனிப் பக்கம்தானுங்களே. எங்க பெரியப்பா அங்கதான் திராட்சை வியாபாரம் பண்றாரு.”

“தேனா? எந்தத் தேனு?” கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “நான் டெங்கில் பக்கத்துக் கம்பம்.”

“அங்கயும் கம்பம்னு ஊர் இருக்குங்களா?”

“எல்லா எடத்துலயும் கம்பம் இருக்கு மா. இப்ப கட்டடமா கட்டி, கம்பம் கொறைஞ்சு போச்சு. நாலு வீடு, கோழி, மாமரம், ஒரு சூராவ், அதான் சின்னப் பள்ளிவாசல். மலாய்க்காரங்க கம்போங்னு சொல்வாங்க. நாங்க கம்பம்னு சொல்றோம். உங்க ஊருல கிராமம்னு சொல்வீங்களே, அது.”

கார் எங்கோ சிக்னலில் நின்றது. மித்ரா என் காதை இழுத்துக்கொண்டிருந்தாள். கம்பத்தைத் தாண்டி லெப்ட். தோட்டத்துச் சாலை நேராகப் போய் ஒரு கிராமத்தில் முடியும் என்பதை, போட்டியன்று காலையில் சேகர் அண்ணன் வேனில் போனபோதே பார்த்திருந்தேன். தகரக் கூரை வீடுகள், கொடியில் துணி. மற்ற ஆறு பேரும் அந்த வீடுகளைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் ஒரு மின்கம்பத்தைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

“என்ன மா, தலை சுத்துதா? ஏசி கூட்டவா?” என்றார் அங்கிள்.

பூங்காவில் மித்ரா வாத்து பார்த்தாள். நான் என்ன பார்த்தேன் என்று நினைவில்லை.

மாலையில் பிரவீனிடம் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “காயு, நீ வேணும்னு பண்ணலையே. அவங்க சொன்னதைத்தானே செஞ்ச? விடு.” அடுத்த நிமிடமே, “இல்ல, சொல்லிடறதுதான் நல்லது” என்றார். சாப்பிட்டுக் கை கழுவும்போது, “சொன்னா அவங்களுக்கு இன்னும் கஷ்டமா இருக்குமோ?” என்றார். எங்கள் வீட்டில் குழப்பம் எனக்கு மட்டும் சொந்தமில்லை என்பதில் ஒரு சிறு ஆறுதல்.

செவ்வாய்க்கிழமை கிள்ளானில் மதியச் சாப்பாட்டுக்கு அக்கா முன்பே அழைத்திருந்தார். பிரவீனுக்கு வேலை. நானும் மித்ராவும் போனோம். மீன் தலைக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. சேகர் அண்ணன் வாசலில் சைக்கிள்களைக் கழுவ, மித்ரா அவருக்குத் தண்ணீர்க் குழாய் பிடித்து உதவி செய்கிறேன் என்று அவரையே நனைத்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறை மேசையில் மெடலை வைத்தேன்.

“அக்கா, இது உங்களோடதுங்க.”

“ஏன் லா?”

சொன்னேன். மின்கம்பம், ஒற்றையடிப் பாதை, கார் அங்கிள், எல்லாம். அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. கரண்டியை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “அலாமாக்! உங்க ஊருல கம்பம்னா போஸ்ட்டா? கரண்ட் போஸ்ட்டா?” கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு துடைப்பதை நிறுத்தவில்லை. அப்போதுதான் அது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

“எனக்குத் தெரியும்” என்றார். “என்னை யாரும் தாண்டல. கம்பத்தைச் சுத்தறப்ப திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அந்த மஞ்சச் சட்டைப் பொண்ணு எங்கேயோ பின்னால வருது, வேற யாருமில்ல. மூணாவது, மூணாவதுன்னு சொல்லிக்கிட்டே மிதிச்சேன். வந்து பார்த்தா நீங்க நிக்கிறீங்க.”

“ஏங்க்கா அப்பவே கேக்கல?”

“எப்படி லா கேக்கிறது? வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்டப் போயி, நீ ஏமாத்தினியான்னா? என் சைக்கிளைக் குடுத்து, என் பிள்ளை தொப்பியைக் குடுத்து... ரெண்டு நாளா உங்களத் திட்டிக்கிட்டேதான் பாத்திரம் கழுவினேன். இந்தக் கறிகூட உப்புப் பார்க்காமத்தான் வெச்சேன்.”

நான் போட்டி நடத்தியவருக்கு இன்றே எழுதிவிடுகிறேன் என்றேன். அக்கா வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எழுதினா மொதல்ல என்ன கேப்பாங்க? உங்களுக்கு வழி சொன்னது யாருன்னு கேப்பாங்க. அவருதான்னு தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாரு. கிண்டல் பண்றாரேன்னு பாக்காதீங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து என் ஷூவ அவரே உக்காந்து கழுவினாரு. அவரு வாயாலதான் எனக்குப் போச்சுன்னு தெரிஞ்சா, இனி அங்க வந்து நிக்கவே மாட்டாரு. மழையில நின்னு எனக்காகக் கத்துறதுக்கு வேற யாரு இருக்கா?”

“அப்ப இதை நீங்க வெச்சுக்குங்க்கா. யாருக்கும் தெரியாம.”

“தெரியாம வெச்சுக்க அது என்ன திருட்டு நகையா?” என்று மெடலை எடுத்து மித்ராவின் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். “நீங்க வந்து சொன்னீங்க. அது போதும் எனக்கு. தப்பு வார்த்தையோடது, உங்களோடது இல்ல.”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தடம் இல்லாத சேற்றைப் பற்றி அக்காவிடம் நான் சொல்லவில்லை. பார்த்தேன், நிற்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். திரும்பிப் போய்ச் சேகர் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. மழை அழித்திருக்கும் என்று உண்மையாகவே நம்பினேனா, நம்ப விரும்பினேனா? குழந்தையிடம் சீக்கிரம் போக வேண்டும் என்ற அவசரமா, அல்லது வேறு ஏதாவதா?

சேகர் அண்ணன் நனைந்த சட்டையோடு உள்ளே வந்தார். “என்ன லா ரெண்டு பேரும் ரகசியம்?”

“கறிக்குப் புளி எவ்வளவுன்னு கேக்கறாங்க” என்றார் அக்கா. கறியில் உப்பு அதிகம். மூவரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டோம்.

ஊர் திரும்பியும் இது என்னைவிட்டுப் போகவில்லை. பிரவீன் இப்போது எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியாது. என் குழுப் பெண்கள் மெடலைக் கொண்டுவா, படம் எடுக்கலாம் என்கிறார்கள். மித்ராவுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று இரண்டு ஞாயிறாகப் போகவில்லை. அவளுக்குச் சளி இல்லை.

நான்கு நாட்களுக்கு முன் சேகர் அண்ணனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அப்படியே தருகிறேன்:

“தங்கச்சி, வணக்கம் லா. பாப்பா நல்லா இருக்கா? அடுத்த வருஷப் போட்டிக்கு உங்க பேரையும் கோமதி பேரையும் சேர்த்தே சொல்லி வெச்சுட்டேன். மலாய் தெரியாதேன்னு பயப்படாதீங்க. போன தடவ மாதிரியே நான் நின்னு தமிழ்ல சொல்லிடறேன். நான் சொன்னதாலதானே நீங்க மூணாவது வந்தீங்க!”

அதற்குப் பிறகு அவர் சிரிப்பு. பின்னாலிருந்து அக்காவின் குரல், “போதும், வைங்க போனை.”

நான் கேட்டுவிட்டேன் என்பதற்கான நீலக் குறி அவர் போனில் விழுந்திருக்கும். நான்கு நாளாக எழுதி எழுதி அழிக்கிறேன். நன்றி அண்ணா என்று எழுதினால் பொய். உண்மையை எழுதினால் அக்கா என்னை மன்னிக்க மாட்டார். வரவில்லை என்று எழுதினால் ஏன் என்று கேட்பார். வருகிறேன் என்று எழுதினால், மறுபடி அந்த மழையில் குடையோடு நின்று எனக்கு வழி சொல்வார். அந்தச் சேற்றைப் பற்றி அக்காவிடம் இனிமேல் சொல்வது நேர்மையா, அல்லது என் பாரத்தை அவர் தலையில் வைப்பதா என்பதும் விளங்கவில்லை.

பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். அண்ணன் தமிழில் பேசுவாரே தவிர வாசிக்க மாட்டார் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அக்காவைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன், அந்தச் சேற்றைப் பற்றியதைத் தவிர. வாசகர்களில் இதுபோல் ஒரு நிலையில் மாட்டிக்கொண்டவர்கள் இருப்பீர்கள். அண்ணனுக்கு நான் என்ன பதில் அனுப்புவது? அக்காவிடம் மிச்சத்தைச் சொல்வதா? இரண்டு வரி எழுதினாலும் போதும். கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். “என்ன தங்கச்சி, பதிலே காணோம்?” என்று இன்று காலையில் இன்னொரு செய்தி வந்திருக்கிறது.